கணினித் திரையில் ஒரு சங்கடப்படலை

க.பொ.த. உயர்தரம், தொழில்நுட்பப் பிரிவு மாணவி

ஒரு வீட்டைப் பற்றிப் பேசும்போது அறை எத்தனை, குசினி எந்தப் பக்கம், கிணறு எங்கே என்றுதான் கேட்போம். படலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் வடபகுதி வாழ்க்கையில் பாதிக் கதை படலையடியில்தான் நடக்கிறது. மீன்காரர் கூவி நிற்பது அங்கே. பக்கத்து வீட்டார் உப்பும் சீனியும் கைமாற்றிக்கொள்வது அங்கே. வருபவர் ஸலாம் சொல்லி, உள்ளே வரலாமா என்று கேட்டு நிற்பதும், வெளியூர் போகும் பிள்ளையை உம்மா வழியனுப்புவதும் அங்கேதான்.

இந்தப் படலைகளுக்குள் தலைசிறந்தது சங்கடப்படலை. யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பழைய வீடுகளின் முன்புறத்தில், வேலியோ மதிலோ தெருவைத் தொடும் இடத்தில், கூரையோடு அமைந்த வாயில் இது. நடுவில் மரக்கதவு. இரு பக்கமும் திண்ணை. மேலே கிடுகு, பனையோலை அல்லது ஓடு வேய்ந்த சிறு கூரை. வெயிலில் நடந்து வருபவர் வீட்டுக்காரரிடம் கேட்காமலேயே அங்கே இருந்து களைப்பாறலாம். பக்கத்தில் தண்ணீர்ப் பானை வைக்கும் வழக்கமும் இருந்தது. வழிப்போக்கரின் சங்கடத்தைத் தீர்ப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று விளக்கம் சொல்வோரும் உண்டு. வீட்டுக்காரரின் காணியில், வீட்டுக்காரரின் செலவில், முன்பின் தெரியாத ஒருவருக்காகக் கட்டப்பட்ட இடம் அது. தாகித்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதைத் தர்மமாகக் கருதும் நமக்கு இதன் அருமையை யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்று சங்கடப்படலைகள் மிகக் குறைந்துவிட்டன. ஓலைக் கூரையை அடிக்கடி மாற்றி வேய வேண்டும். அதற்கு ஆள் கிடைப்பது கடினம். வேலிகள் மதில்களாகின. படலைகள் இரும்புக் கேற்றுகளாகின. போரும் இடப்பெயர்வும் வீடுகளோடு வாயில்களையும் கொண்டுபோயின. இப்படி ஒரு பொருள் அழியும்போது அதைச் செய்யும் அறிவும் அழிகிறது. எந்த மரம், எத்தனை அடி, எந்தச் சரிவு, எதன்மேல் எது என்பதெல்லாம் எங்கும் எழுதி வைக்கப்படாமல் தச்சரின் கையிலும் முதியவர்களின் நினைவிலும் மட்டுமே இருப்பவை. அந்த அறிவைக் காப்பாற்ற ஒரு மாணவியால் என்ன செய்ய முடியும்? முப்பரிமாணக் கணினி மாதிரி ஒன்றைச் செய்ய முடியும் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

ஒரு தீவும் அதன் வாயிலும்

போரில் வாயிலை இழந்த வேறொரு மண் ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவாத் தீவு. அங்கே நாஹா நகரில் ஷூரி கோட்டை இருக்கிறது. அதற்குப் போகும் வழியில் ‘ஷூரெய்மொன்’ என்னும் வாயில் நிற்கிறது. நான்கு மரத்தூண்கள், ஈரடுக்குக் கூரை, சிவப்பு ஓடு. 16ஆம் நூற்றாண்டில் முதலில் கட்டப்பட்ட இந்த வாயிலில்தான் சீனப் பேரரசரின் தூதர்களை ஒகினாவா அரசர் வரவேற்றார். வாயிலின் பலகையில், இது மரியாதையைப் பேணும் நாடு என்ற பொருளில் நான்கு எழுத்துகள் உள்ளன. நம் சங்கடப்படலை எழுத்தில்லாமல் சொன்ன அதே செய்தி!

1945இல் நடந்த ஒகினாவாப் போரில் கோட்டையும் வாயிலும் அழிந்தன. 1958இல் வாயிலை மீண்டும் கட்டினார்கள். கோட்டையின் பிரதான மண்டபம் 1992இல் எழுந்தது. போருக்கு முன்னர் நடந்த திருத்த வேலையின்போது வரையப்பட்ட வரைபடங்களும் பழைய ஒளிப்படங்களும் கைவசம் இருந்ததால்தான் அது இயன்றது. பின்னர் 2019 ஒக்டோபர் 31ஆம் திகதி அதிகாலையில் அந்த மண்டபம் தீயில் எரிந்துபோனது. அப்போது ரோக்கியோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது: “ஷூரி கோட்டையில் நீங்கள் எடுத்த படங்களையும் காணொளிகளையும் எங்களுக்கு அனுப்புங்கள்.” சுற்றுலாப் பயணிகளும் ஊர்மக்களும் ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். அந்தப் படங்களிலிருந்து எரிந்த கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியைக் கணினியில் உருவாக்கினார்கள். சிரித்துக்கொண்டு நின்ற குடும்பங்களின் பின்னணியில் இருந்த தூணும் சுவரும் ஆவணங்களாகிவிட்டன.

ஜப்பானியரிடம் இன்னொரு பாடமும் உண்டு. மரக் கட்டடம் நிலைக்காது என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டு, அறிவை நிலைக்கச் செய்தார்கள். இசே என்னும் இடத்திலுள்ள பழம்பெரும் வழிபாட்டுத் தலத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டியது 62ஆவது தடவை. இருபது ஆண்டு இடைவெளியில் மூத்த தச்சர் இளைய தச்சருக்குக் கற்பித்துவிடலாம். 1608இல் ஒரு தச்சர் குடும்பம் எழுதிய ‘ஷோமெய்’ என்னும் கையேடு ஐந்து பகுதிகளைக் கொண்டது. அதில் ஒரு பகுதி முழுவதும் வாயில்களுக்கு மட்டுமே உரியது. தூணின் பருமனைச் சொன்னால் வளையின் பருமன், கூரையின் நீட்டம் எல்லாவற்றையும் விகிதத்தால் கணக்கிடும் முறை அதில் இருக்கிறது. நம் தச்சர்களுக்கும் விகிதங்கள் தெரியும். ஆனால் சங்கடப்படலைக்கு அப்படியொரு கையேடு நம் கைக்கு வந்து சேரவில்லை.

படத்துக்கும் மாதிரிக்கும் என்ன வித்தியாசம்?

ஒளிப்படம் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும். கூரைக்குள் கைமரம் எப்படி நிற்கிறது, கதவு எதில் சுழல்கிறது என்பதை அது சொல்லாது. முப்பரிமாண மாதிரியில் ஒவ்வொரு புள்ளிக்கும் நீளம், அகலம், உயரம் என மூன்று எண்கள் உண்டு. புள்ளிகளை இணைத்தால் கோடு, கோடுகளை இணைத்தால் முகம், முகங்கள் சேர்ந்தால் திண்மம். க.பொ.த. சாதாரண தரக் கணிதத்தில் நாம் படித்த கனவுருவும் அரியமும்தான் இங்கேயும் அடிப்படை.

இதற்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ‘பிளெண்டர்’ என்னும் மென்பொருள் இலவசமானது. நெதர்லாந்தில் உருவான அதை 2002இல் பொதுமக்களிடம் ஒரு இலட்சம் யூரோ திரட்டி, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய திறந்த மென்பொருளாக்கினார்கள். படலை போன்ற எளிய மாதிரிக்குப் பாடசாலை ஆய்வுகூடத்தில் உள்ள சாதாரணக் கணினியே போதும்.

மரம் மரமாகக் கட்டுதல்

முதலில் மென்பொருளின் அளவு முறையை அடி, அங்குலத்துக்கு மாற்ற வேண்டும். தச்சர் பேசும் அளவிலேயே நாமும் வேலை செய்தால் பிழை குறையும். நான் பயிற்சிக்காக எடுத்துக்கொண்ட அளவுகள் இவை: வேலியோடு 10 அடி நீளம், தெருவிலிருந்து வளவுக்குள் 8 அடி ஆழம், நடுவில் 4 அடி வழி, வழியின் இரு பக்கமும் 3 அடி அகலத் திண்ணை, திண்ணையின் உயரம் ஒன்றரை அடி.

பலர் செய்வது போல முழுப் படலையையும் ஒரே கட்டியாக வார்த்துவிடக் கூடாது. நிஜத்தில் எத்தனை மரங்களோ, மாதிரியிலும் அத்தனை துண்டுகள் இருக்க வேண்டும். ஜப்பானின் நாரா நகரில் 1199இல் மீளக் கட்டிய தோதாய்ஜி ஆலயத்துப் பெருவாயில் சுமார் 25 மீற்றர் உயரமானது. அதன் தூண்களைத் துளைத்துக்கொண்டு செல்லும் குறுக்கு மரங்களே அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த வாயிலை ஒரே கட்டியாகச் செய்தால் பார்வைக்கு அழகாக இருக்கும்; அது எப்படி நிற்கிறது என்பது மட்டும் தெரியாது. நம் படலைக்கும் இதே விதிதான்.

கட்டும் ஒழுங்கும் தச்சரின் ஒழுங்குதான். முதலில் நான்கு மூலைத் தூண்கள், ஒவ்வொன்றும் 7 அடி. ஒரு கனவுருவை எடுத்து, தூணின் பருமனுக்கும் உயரத்துக்கும் மாற்றி, மற்ற மூன்றையும் பிரதி செய்யலாம். பின்னர் இரு பக்க நடுவிலும் முகட்டைத் தாங்கும் இரண்டு உயரத் தூண்கள். தூண்களின் தலையில் வளைகள். நடுத்தூண்களின் மேல் முகட்டு வளை. முகட்டிலிருந்து இரு புறமும் சரியும் கைமரங்கள். கைமரங்களுக்குக் குறுக்கே சலாகைகள். அவற்றின்மேல் கிடுகு அல்லது ஓடு.

கைமரத்தின் நீளத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பைதகரஸ் உதவிக்கு வருகிறார். படலையின் ஆழம் 8 அடி என்பதால் முகட்டிலிருந்து ஓரம் வரை கிடைத்தூரம் 4 அடி. முகடு வளையைவிட 3 அடி உயரம் என்றால் கைமரம் 5 அடி. தாழ்வாரத்துக்கு 1 அடி சேர்த்தால் 6 அடி. சரிவு ஏறத்தாழ 37 பாகை. தச்சர்கள் மூலைமட்டம் பார்க்கப் பயன்படுத்தும் அதே மூன்று, நான்கு, ஐந்து!

ஓலை வேய்வதானால் இந்தச் சரிவு போதாது. மழைநீர் தங்காமல் விரைந்து வடிந்தால்தான் ஓலை உக்காமல் இருக்கும். சரிவை 45 பாகையாக்கினால் முகடு 4 அடி உயர வேண்டும். கைமரம் 5 அடி 8 அங்குலமாகும். தாழ்வாரத்தோடு 6 அடி 8 அங்குலம். நடுத்தூண்கள் 10 அடியிலிருந்து 11 அடியாகும். கூரை இரு பக்கமும் 1 அடி நீண்டு மொத்தம் 12 அடி என்றும், கைமரங்களுக்கிடையே 2 அடி என்றும் கொண்டால் ஒரு சரிவில் 7, இரு சரிவிலும் 14 கைமரங்கள் வேண்டும். முதற் கூரைக்கு 84 அடி மரம். ஓலைக் கூரைக்கு 93 அடி 4 அங்குலம். ஓட்டுக்கு மரம் குறைவாகப் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஓடு பாரம் கூடியது. அதனால் மரத்தின் பருமன் கூட வேண்டும். கூரைப் பொருள் ஒன்றை மாற்றியதும் எத்தனை அளவுகள் மாறுகின்றன பாருங்கள். மாதிரி செய்யும்போதுதான் இந்தத் தொடர்பு கண்ணுக்குத் தெரிகிறது.

பதினான்கு கைமரங்களையும் தனித்தனியே செய்யத் தேவையில்லை. ஒன்றைச் செய்து, ‘அரே’ என்னும் வசதியில் எண்ணிக்கை 7, இடைவெளி 2 அடி என்று கொடுத்தால் ஒரு சரிவு நிறைந்துவிடும். ‘மிரர்’ என்னும் வசதி அதை முகட்டின் மறுபக்கத்தில் பிரதிபலிக்கும்.

கதவில் ஒரு நுட்பம் உண்டு. பழைய கதவுகள் பலவற்றில் பிணைச்சல் இராது. கதவின் ஓர் ஓரத்தில் மேலும் கீழும் நீண்டிருக்கும் குடுமிகள் நிலையில் உள்ள குழிகளில் சுழலும். கணினியில் ஒவ்வொரு பொருளும் அதன் மையப் புள்ளியைச் சுற்றியே சுழலும். ஆகவே அந்தப் புள்ளியைக் கதவின் நடுவிலிருந்து குடுமி உள்ள ஓரத்துக்கு நகர்த்த வேண்டும். அதன்பின் கதவு திறக்கும்போது திண்ணையில் இடிக்கிறதா என்று பார்க்கலாம். கடைசியாக, சராசரி உயரமுள்ள ஒரு மனித உருவைத் திண்ணையில் இருத்திப் பாருங்கள். கால் நிலத்தில் படுகிறதா, கூரை நிழல் முகத்தில் விழுகிறதா என்பது உடனே தெரியும். சூரியனின் திசையைக் கூட மென்பொருளில் மாற்றலாம்.

நிற்கும் கட்டடத்தைப் பிடித்தல்

கட்டடம் இன்னும் நிற்கிறதென்றால் வேறொரு வழி இருக்கிறது. கைத்தொலைபேசியால் அதைச் சுற்றிவந்து நிறையப் படங்கள் எடுக்க வேண்டும். ஒரு படத்தில் உள்ளதில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் இருக்க வேண்டும். ஒரே புள்ளி பல படங்களில் எங்கெங்கே தெரிகிறது என்பதை ஒப்பிட்டு, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மென்பொருள் கணக்கிடும். நம் இரு கண்களும் தூரத்தை அறிவது போன்றதுதான் இது. மப்பும் மந்தாரமுமான நாள் மிக நல்லது. கடும் நிழல் விழாது. படத்தில் ஓர் அடிமட்டம் தெரியும்படி வைக்க மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் வடிவம் கிடைக்கும், அளவு கிடைக்காது.

வடக்கில் இப்படிப் பிடித்து வைக்க வேண்டியவை பல உண்டு. பருத்தித்துறையில் தெருவே நடுவால் போக, இரு பக்கமும் திண்ணையும் மேலே கூரையும் கொண்ட தெருமூடிமடம் இருக்கிறது. ஊருக்கே பொதுவான சங்கடப்படலை என்று அதைச் சொல்லலாம். நல்லூரில் சங்கிலியன் தோப்பு வளைவு இருக்கிறது. யாருடைய வீட்டு வாயிலைப் படம் எடுப்பதானாலும் வீட்டுக்காரரின் அனுமதி முதலில் வேண்டும். உள்ளே இருப்பவர்கள் படத்தில் விழாமல் பார்ப்பதும் நம் கடமை.

ஒன்றும் மிஞ்சாத வீடு

வன்னியில் நம்மில் பலருக்கு மேலே சொன்ன இரண்டு வழிகளும் பொருந்தாது. அளப்பதற்குக் கட்டடமும் இல்லை, பார்ப்பதற்குப் படமும் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது குடும்ப அல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் குறைவு. 2009 வரை நடந்த போரில் நம் தமிழ் அயலவர்களின் வீடுகளுக்கும் அதே கதிதான். முல்லைத்தீவுப் பக்கத்தில் இருந்த எங்கள் உம்மம்மாவின் வீட்டுக்குத் திரும்பிப் போனபோது கிணற்றுக் கட்டு மட்டும்தான் இருந்ததாம்.

அந்த வீட்டில் பெரிய சங்கடப்படலை இருக்கவில்லை. நாலு கப்பில் கிடுகுக் கூரை போட்ட சிறிய படலை ஒன்றுதான் இருந்தது. “எத்தனை அடி?” என்று கேட்டால் உம்மம்மாவுக்குத் தெரியாது. ஆனால் “சைக்கிளை உருட்டிக்கொண்டு வர ஏலுமா?” என்று கேட்டதும், “உங்கட அப்பா ஒரு பக்கமா நெளிஞ்சுதான் கொண்டு வருவார்” என்றார். சைக்கிளின் கைபிடியையும் பக்கத்தில் நடப்பவரையும் அளந்தால் வழி சுமார் 3 அடி என்று வருகிறது. “கூரை கைக்கு எட்டுமா?” “அவர் கைய உசத்தினா கிடுகு படும். உங்கட மாமாவும் அவர்ர உயரம்தான்.” மாமாவைக் கை உயர்த்தச் சொல்லி அளந்தோம். இப்படி ஒவ்வொரு நினைவும் ஓர் அளவாக மாறுகிறது. முதியவர்களிடம் எண்ணைக் கேட்காமல் செயலைக் கேட்க வேண்டும். எங்கே இருந்தீர்கள், எதில் சாய்ந்தீர்கள், மழைக்கு எங்கே ஒதுங்கினீர்கள், எந்த மரத்தில் ஊஞ்சல் கட்டினீர்கள் என்று கேட்டால் வீடு தானாக எழும்பும்.

ஆனால் நினைவிலிருந்து கட்டும்போது நேர்மை மிக அவசியம். கணினிப் படம் பார்ப்பதற்கு உண்மை போலவே இருக்கும். ஊகமும் உண்மையாகத் தோன்றிவிடும். இதற்காகவே ஆய்வாளர்கள் ‘இலண்டன் சாசனம்’ என்ற ஒழுங்கு முறையை வகுத்தார்கள். அதன் திருத்திய வடிவம் 2009இல் வெளிவந்தது. மாதிரியில் எது சான்றுள்ளது, எது ஊகம் என்பதைப் பார்ப்பவர் அறியச் செய்ய வேண்டும் என்பது அதன் முக்கிய வேண்டுகோள். நான் மூன்று நிறங்களைப் பயன்படுத்துகிறேன். அளந்து எடுத்தது வெள்ளை. பெரியவர் சொன்னது மஞ்சள். நானே நிரப்பியது சாம்பல். உம்மம்மாவின் படலை முழுவதும் மஞ்சளும் சாம்பலுமாகவே இருக்கிறது. வெள்ளை ஒன்றுமில்லை. அந்த நிறங்களே ஒரு வரலாறு.

மஞ்சள் நிறத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. அதைச் சொன்னவர் உயிரோடு இருக்கும்போதுதான் அதைத் திருத்த முடியும். திரையில் படலையைச் சுற்றிக் காட்டியபோது, “கதவு உள்பக்கமாத் திறக்காது, வெளியாலதான்” என்று உம்மம்மா சொன்னார். இப்படிச் சொல்ல ஒருவர் இல்லாத காலத்தில் மஞ்சள் எல்லாம் சாம்பலாகிவிடும்.

நாம் செய்யக்கூடியவை

மாணவிகளே, இந்த விடுமுறையில் ஒரு படலையை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும் படலையானால் அளவு நாடாவும் கொப்பியும் போதும். நீளம், அகலம், உயரம், மரத்தின் பெயர், கட்டியவர், கட்டிய ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். முதிரையா, பாலையா, பனையா என்று தச்சு வேலை தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் அவர் சொல்லும் பெயரை அவர் சொன்னபடியே குறியுங்கள். கணினி பிறகு கிடைத்தாலும் பரவாயில்லை. அளவுகள் காத்திருக்கும், மனிதர்கள் காத்திருக்கமாட்டார்கள்.

பெற்றோரே, உங்கள் பழைய படங்களை வெளியே எடுங்கள். பெருநாளுக்கு எடுத்த படத்தில் பிள்ளைகளின் முகத்தை மட்டும் பார்க்காமல், பின்னால் தெரியும் கதவையும் கப்பையும் வேலியையும் பாருங்கள். படத்தின் பின்புறத்தில் இடத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். பிள்ளை கணினிக்கு முன்னால் இருந்தால் விளையாட்டு என்றே எண்ணிவிடாதீர்கள். அவள் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கலாம். அவள் அளவு கேட்டு வந்தால் கொஞ்ச நேரம் ஒதுக்கிக் கதை சொல்லுங்கள்.

கணினி மாதிரியில் யாரும் களைப்பாற முடியாது, தண்ணீர் குடிக்கவும் முடியாது. ஆனால் அளவுகள் சரியாக இருந்தால், நாளை ஒரு தச்சர் அதைப் பார்த்து மரத்தை வெட்டலாம். ஒரு பாடசாலை வாசலிலோ பள்ளிவாசல் முன்றலிலோ, வழியால் வருபவர் இருந்து இளைப்பாற ஒரு சங்கடப்படலையை மீண்டும் எழுப்பலாம். இன்ஷா அல்லாஹ், அந்த நாள் வரும்போது 14 கைமரங்கள் வேண்டும், ஒவ்வொன்றும் 6 அடி 8 அங்குலம் என்று சொல்ல நம்மில் ஒருத்தியாவது இருக்க வேண்டும்.